பற்ற வைக்காத சுங்கான்

ஆசைக்கு ஒரு இழுப்புகூடப் புகை இழுக்காமல் ஆயுசையே புகைக்குக் கொடுத்த மனுஷர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவர் பெரம்பலூரில் எங்கள் பக்கத்து வீட்டில் வந்து குடியேறியது நான் செய்த புண்ணியமா பாவமா என்பது இன்னும் தீர்மானம் ஆகவில்லை. பெயர் என்னவோ உண்டு, ரேஷன் கார்டில் இருக்கும். தெருவுக்கு அவர் சுங்கான் பாய்.

சுங்கான் என்றால், துரைமார் வாயோரம் கடித்துக்கொண்டு புகை விடுவார்களே, அந்தக் குழாய். பாய்க்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. மஸ்கட்டில் தச்சுப் பட்டறையில் வேலை பார்த்தபோது, ஒரு இன்ஜினியர் துரையின் சுங்கான் ஒடிந்துபோயிருக்கிறது. இவர் ஜன்னலில் தொங்கிய மூங்கில் திரையிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தண்டாகச் செருகிக் கொடுத்திருக்கிறார். துரை இழுத்துப் பார்த்துவிட்டு, பழையதைவிடப் புகை குளிர்ச்சியாக வருகிறது என்றாராம். ஒரு மனுஷனைக் கெடுக்க அந்த ஒரு வார்த்தை போதாதா?

ஊர் திரும்பியதும் அதுவே தொழிலாகிவிட்டது. சீமைக்கருவேல வேர்க்கட்டையைக் குடைந்து கிண்ணம். அதில் செருக மூங்கில் தண்டு. நுனியில் வாயில் கவ்வ ஒரு கறுப்பு முனை. போனில் படம் பிடித்து அனுப்புவார். எங்கெங்கோ இருக்கும் வெள்ளைக்காரர்கள் வாங்குவார்கள்.

மூங்கில் என்றால் எந்த மூங்கிலும் ஆகாது. தூரிலே, கணு நெருங்கி நெருங்கி இருக்குமே, அதுதான் வேண்டும். திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரைக்குப் போய் மூங்கில் தூரைத் தோண்டி, சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றுவார்.

"என்னா பாய், மூட்டையில இஞ்சியா?" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார்.

"இஞ்சிக்குப் பெரியப்பா தம்பி. மெதுவா வைங்க, கணு நோவும்."

கொள்ளிடக் கரையோடு நின்றாலும் பரவாயில்லை. ஒருநாள் முருங்கைக்காய் பறிக்க நான் எங்கள் மூங்கில் ஏணியில் ஏறினேன். மூன்றாம் படியிலேயே ஏணி என்னைக் கீரைப் பாத்திக்கு அனுப்பி வைத்தது. எழுந்து பார்த்தால் ஏணியின் ஒரு காலில் ஒரு சாண் காணோம்.

"பாய்! ஏணிக்கால் எங்க?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க ஏணிக்கு இப்ப கனடாவுல மவுசு!"

"என் இடுப்புக்கு எந்த ஊருல மவுசு, அதையும் சொல்லிடுங்க!"

மறுநாளே புது ஏணி வந்தது. இரும்பு ஏணி. மூங்கிலில் வாங்கினால் தன் கை சும்மா இருக்காது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

தண்டுக்குத் துளை போடுகிற நாளில் தெருவே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் துளைத்துக்கொண்டே வந்து நடுவில் சந்திக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் மூங்கில் பிளந்துவிடும். கணு உடைகிற சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் துளைப்பார். "அக்கா, குக்கர் விசில் வேணாம்க்கா!" என்று சுவருக்கு மேலே தலை தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் பருப்பு வேகாது.

செய்து முடித்ததும் சோதனை. சுங்கானை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வெறும் காற்றை இழுத்தபடி வாசலில் உலாத்துவார். "தூங்குற புள்ள மூச்சு மாதிரி போவணும்க்கா. கர்ருபுர்ருன்னு சத்தம் வந்தா வெட்டி எறிஞ்சிட வேண்டியதுதான்."

"ஒரு பொட்டு பொகையிலயப் போட்டு இழுத்துப் பாத்தா நிச்சயமாத் தெரிஞ்சுபோவுமே பாய்?"

பதறிப்போனார். "நெருப்பு பட்டா அது பழசுக்கா! எச்சில் இலையில சோறு போட்டுக் குடுக்குற மாதிரி. மொதல் நெருப்ப வாங்குறவன்தான் வைக்கணும். ஒரு தடவ கருகிடுச்சுன்னா யாரும் சீந்த மாட்டான்."

இவருக்கு ஒரே மகள், பர்வீன். மருந்துக்கடையில் வேலை. நல்ல இடமாக ஒன்று கூடி வந்தது. மாப்பிள்ளை கத்தாரில் இருக்கிறான். பெண் பார்த்தாயிற்று, இரண்டு பேருக்கும் பிடித்தாயிற்று. மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா ஜவுளிக்கடை ஹாஜியார். அவர் போட்டது ஒரே நிபந்தனை: பெண் வீட்டில் யாரும் புகை பிடிக்கக் கூடாது. அவருடைய அத்தா பீடி இழுத்தே நெஞ்சு வெந்து மவுத்தாகிப் போனவர். "எங்க வூட்டுல ஒருத்தரும் தொட்டதுகூடக் கெடையாது" என்று பாயின் சம்சாரம் மைமூன் சொல்லியிருந்தாள். உண்மைதானே! ஆனால் இவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டதற்கு மட்டும் 'மரவேலை' என்று சொல்லி வைத்திருந்தாள்.

பேசி முடிக்கிற நாள். மாப்பிள்ளைக்கு லீவு முடிய ஒரே வாரம். நான் அடுப்படியில் மைமூனுக்குக் கூடமாட இருந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொன்னவர்கள் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து காரை நிறுத்திவிட்டார்கள். எட்டிப் பார்த்தேன், வாசலில் நம்ம ஆள். வாயில் சுங்கான். கண் மூடியிருக்கிறது. ஐந்து கணு வைத்த தண்டு, மூன்று வருஷம் காய வைத்த மூங்கில், நாலு மாத வேலை. மறுநாள் கூரியரில் போக வேண்டியது.

படியில் கால் வைத்த ஹாஜியார் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இது?"

பாய் கண்ணைத் திறந்தார். வாயிலிருந்து சுங்கானை எடுக்க மறந்தே போனார்.

"பீடிகூட இல்ல, பைப்பே புடிக்கிறாரு! இதுக்குப் பேருதான் மரவேலையா?" ஹாஜியார் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

"அய்யா, இது செய்யுறதுக்கு... குடிக்கிறதுக்கு இல்ல..." வாயிலிருந்ததை எடுத்து நீட்டினார் பாய். மைமூன் சர்பத் தட்டோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். திரைக்குப் பின்னால் பர்வீனின் கால்விரல் மட்டும் தெரிந்தது. அது தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஹாஜியாரே, ஒரு நிமிஷம் இருங்க. பழகுன ஆளா இல்லியான்னு கண்டுபுடிக்கிறது பெரிய வித்தயா? உங்க கண்ணு முன்னாடி ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்க. தெரிஞ்சுபோவும்."

பாய் என்னைப் பார்த்தார். "அக்கா... தெரிஞ்சேதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன் பாய்."

அந்த ஐந்து கணுவையும் கட்டைவிரலால் ஒருதரம் தடவினார். திரைப்பக்கம் ஒருதரம் பார்த்தார். "சரி. பத்த வைங்க" என்றார்.

பற்ற வைக்கப் புகையிலை வேண்டுமே! அந்த வீட்டில் ஏது? வந்தவர்கள் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் தாய்மாமா, தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு கட்டு பீடியை எடுத்தார்.

"மச்சான், நீயுமா?" என்றார் ஹாஜியார்.

"எப்பயாச்சும்..." என்றார் தாய்மாமா. கட்டில் பாதி காலி.

இரண்டு பீடியை உதிர்த்துக் கிண்ணத்தில் போட்டார்கள். தீக்குச்சி உரசியாயிற்று. ஆயிரம் தடவை வெறுங்காற்றை இழுத்த மனுஷர், நெருப்பைக் கண்டதும் பயந்துபோய், இழுப்பதற்குப் பதிலாக அடுப்பை ஊதுகிற மாதிரி 'பூ'வென்று ஊதிவிட்டார்! புகையிலைத்தூள் எல்லாம் பறந்து ஹாஜியாரின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது.

"நடிக்கிறாரோ என்னவோ" என்றார் ஹாஜியார், சட்டையைத் தட்டிக்கொண்டே.

இன்னும் இரண்டு பீடி. இந்தத் தடவை பாய் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முழு மூச்சாக இழுத்தார். இழுத்ததை விடத் தெரியவில்லை. முகம் சிவந்தது, அப்புறம் கறுத்தது. அப்புறம் ஒரு இருமல் வந்தது பாருங்கள், கோழிகள் சிதறி ஓடின. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்ற, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுக்கும் சுங்கானை மட்டும் கீழே போடவில்லை.

"மச்சான்," என்றார் தாய்மாமா, "முப்பது வருசமா இழுக்குறவன் சொல்றேன். இந்த இருமல நடிக்கவே முடியாது. இது கன்னி இருமலு."

ஹாஜியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மைமூன் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, தானே பாயின் வாயில் வைத்தார். "குடிங்க சம்பந்தி. மெதுவா."

அந்தச் 'சம்பந்தி'யில் திரைக்குப் பின்னால் ஒரு விசும்பல் கேட்டது.

எல்லாரும் போன பிறகு, பாய் சுங்கானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிண்ணத்துக்குள் கறுப்பு ஏறியிருந்தது. "மன்னிச்சுக்குங்க பாய். வேற வழி தோணல" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருமல்தான் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டில் எது எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மூன்று ராத்திரி அந்த இருமல் சுவர் தாண்டிக் கேட்டது. மூன்று நாளும் சுக்குக் கஷாயம் எங்கள் அடுப்பில்தான் கொதித்தது. கருப்பட்டியைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டேன்.