நிற்பதற்குக் காசு கொடுத்த கம்பி அண்ணை

லண்டனில் நிற்பதற்குக் காசு கொடுத்த முதல் யாழ்ப்பாணத்து மனிதர் கம்பி அண்ணைதான். சந்தேகப்படுகிறவர்கள் ஈஸ்ட் ஹாமில் எங்கள் கடைக்கு வந்து விசாரிக்கலாம். மீன் வெட்டுகிற இடத்தில் நான்தான் நிற்பேன். ஆகவே விசாரணை என்னிடமே வந்து சேரும், பதிலும் இதேதான்.

எங்கள் ஆட்கள் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு முன்னமே போய், ஹாண்ட்பாக்கை வைத்து முன்வரிசைக் கதிரை பிடிக்கிறவர்கள். கம்பி அண்ணைக்குக் கதிரையைக் காட்டினால் கோபம் வரும். மனிதர் கிழமை முழுக்க மினிகேப் ஓட்டுகிறவர்.

"அஞ்சு நாளும் இருந்து இருந்து பின்பக்கம் தட்டையாப் போச்சு. சனிக்கிழமையும் இருக்கச் சொன்னால் நான் என்ன அரிசிச் சாக்கோ?" என்பார்.

சனிக்கிழமை என்றால் புட்போல். எந்தக் கிளப் என்று சொல்லமாட்டேன். சொன்னால் எதிர்க் கிளப்காரர் எங்களிடம் மீன் வாங்கமாட்டார்கள். பிரிட்ஜில் விளைமீன் நிறையக் கிடக்கிறது.

அந்தக் காலத்தில் மைதானம் முழுவதும் கதிரைகள். அண்ணை மட்டும் எழும்பி நிற்பார். பின்னால் இருப்பவர்கள் கத்துவார்கள். சனத்தை ஒழுங்குபடுத்துகிற ஷரன் என்ற ஸ்டூவர்ட் அம்மா மஞ்சள் ஜாக்கெட்டோடு வருவார். ஷரன் வந்தால் அண்ணை இருப்பார். ஷரன் போனால் அண்ணை எழும்புவார். புருசன் பெண்சாதிக்குள்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

பிறகு கிளப் ஒரு பக்கத்தில் நின்று பார்க்கிற பகுதி கட்டியது. ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் இடுப்பளவு உயரத்தில் இரும்புக் கம்பி. ஒருவருக்கு ஒரு இடம், அவ்வளவுதான். முன்பெல்லாம் மைதானங்களில் சனம் கட்டுப்பாடில்லாமல் நெரிந்து உயிர்கள் போனதால்தான் நிற்பதையே நிறுத்தி வைத்திருந்தார்களாம். அந்தக் கம்பிக்கும் அந்த 'ஒருவருக்கு ஒரு இடத்துக்கும்' பின்னால் இருந்த கதை அதுதான்.

காசு கட்டி அதில் ஒரு இடம் கிடைத்த செய்தி வந்த அன்று அண்ணை எங்கள் கடைக்கு லட்டுப் பெட்டியோடு வந்தார். பின்னால் அவருடைய மனைவி மலர் அக்கா.

"எங்கட பெட்டை டிகிரி எடுத்ததுக்கும் இந்த மனுசன் லட்டு வாங்கேல்லை," என்றார் அக்கா.

"அவள் இருந்துதானே படிச்சவள்," என்றார் அண்ணை.

முதல் மட்ச்சுக்குப் போனவர் கம்பியைத் துடைத்து, நடுவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். பக்கத்து இடத்துக்காரர் டேவ், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வெள்ளைக்காரர், தொழில்முறையில் குனிந்து பார்த்தார். எத்தனை கோட் அடிக்க வேண்டும் என்று கேட்டார். அன்றைக்கு எங்கள் கிளப் வென்றது. அடுத்த கிழமை டேவ் தானாக நெற்றியை நீட்டினார். அன்றிலிருந்துதான் 'கம்பி அண்ணை' என்ற பெயர். இயற்பெயர் என்னவென்று மலர் அக்காவுக்காவது ஞாபகம் இருக்குமோ தெரியாது.

மற்றப் பக்கத்து இடம் காலியானபோது அண்ணை என்னைப் பிடித்துப் போட்டார்.

"அண்ணை, கடையிலயும் நிண்டு, இங்கயும் நிக்கிறதோ?"

"கடையில நீ கோல் அடிச்சு ஆரும் கை தட்டினவையோ? வாடா பேசாம."

எனக்குப் புட்போலில் பந்து மட்டும் விளங்கும். கோல் விழுந்தால் டேவின் முகத்தைப் பார்த்துத்தான் சந்தோசப்படுவதா கவலைப்படுவதா என்று முடிவெடுப்பேன். ஒருநாள் டேவ் தும்மினதற்கும் கை தட்டியிருக்கிறேன்.

வினை சீசனின் கடைசி மட்ச்சில் வந்தது. வென்றால் இதே பிரிவில் தப்பலாம், தோற்றால் கீழ்ப்பிரிவு. தோர்ண்டன் ஹீத்திலிருந்து அண்ணையின் சித்தப்பா, இரண்டு மச்சான்மார், ஒரு மருமகன், எல்லாரும் அதே ஸ்டாண்டில் மேலே கதிரை எடுத்து இருந்தார்கள். இடைவேளையில் அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. சொந்தக்காரர் மேலே இருக்க, தான் மட்டும் நல்ல இடத்தில் நிற்பதோ? போனை எடுத்தார்.

"சித்தப்பா, கீழ இறங்கி வாங்கோ. இங்க நிறைய இடம் கிடக்கு."

இடம் கிடக்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு 'இடமில்லை' என்ற சொல் வாயில் வராது. எட்டுப்பேர் போகிற வான் வண்டியில் பன்னிரண்டு பேர் கோயிலுக்குப் போய்ப் பழகிய உடம்பு. கழிப்பறைக்குப் போய்வரும் சனத்தோடு சனமாக, மட்டன் ரோல்ஸ் பையோடு அவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள்.

"கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ. டேவ், லிட்டில் லிட்டில்! சித்தப்பா, வயித்தை உள்ள இழுங்கோ."

சித்தப்பாவின் வயிறு உள்ளே போகிற வயிறல்ல. டேவ் ஒற்றைக் காலில் நின்றார். ஒரு கையில் அவருக்கு விருப்பமில்லாத ரோல்ஸ். எனக்குத் தரையே தெரியவில்லை. அப்போது பார்த்து எங்கள் ஆள் கோல் அடித்தான்.

வரிசை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் வழக்கம்போல டேவின் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோசமும் இல்லை, கவலையும் இல்லை. வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. கம்பிக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் மனிதர் அகப்பட்டுவிட்டார்.

"பின்னால போங்கோ! எல்லாரும் பின்னால போங்கோ!" கம்பி அண்ணை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஷரன் ஓடி வருவதற்குள் சித்தப்பாவைக் கொலரில் பிடித்துப் படிக்கு இழுத்துவிட்டார்.

நாங்கள் வென்றோமாம். பிறகு சொன்னார்கள். அண்ணையும் நானும் டேவை மினிகேப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தோம். எலும்பு முறியவில்லை, விலாப்பக்கம் நன்றாகக் கன்றிப்போயிருந்தது. அங்கே வரிசையாகக் கதிரைகள் கிடந்தன. அண்ணை சுவரோடு நின்றார்.

"நான் கூப்பிட்டுத்தானேடா வந்தவை," என்றார் என்னிடம்.

கிளப் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. நிற்கிற இடம் ஒரேயடியாகப் போகலாம் என்று ஷரன் முன்னமே சொல்லிவிட்டார். அண்ணை துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இது தண்ணீரில் தாழ்கிறவன் கல்லைக் கட்டிக்கொண்டு குதித்த மாதிரி. என் ஆங்கிலம் மீன்களின் பெயரோடு முடிந்துவிடும்.

டை கட்டிய அதிகாரி கேட்டார்: "உங்கள் இடத்தில் எத்தனை பேர் நின்றார்கள்?"

"ஒன்லி பேமிலி, சேர்," என்றார் அண்ணை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நீ பார்த்தாயா? யெஸ். விதி தெரியுமா? யெஸ். அவர்களைக் கூப்பிட்டது இவரா? யெஸ்.

மேசைக்குக் கீழே அண்ணை என் காலை மிதித்தார். "டேய், நீ எனக்குச் சாட்சியோ, எதிரியோ?"

கடைசியில் டேவைக் கேட்டார்கள். டேவ் விலாவைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்குப் பக்கத்தில் இவர் வேண்டும். ஆனால் இவர் ஓராள் போதும்."

தீர்ப்பு இதுதான். அடுத்த சீசன் முழுவதும் அண்ணை கதிரைப் பகுதியில் இருக்கவேண்டும். எழும்பி நின்றதாக ஒரு முறைப்பாடும் வராவிட்டால் கம்பி திரும்பக் கிடைக்கும். வந்தால் கிடையவே கிடையாது.

"கோல் விழுந்தால் எழும்பலாம்தானே. எல்லாரும் எழும்புவினம்," என்றேன் வெளியே வந்து.

"இருக்கச் சொன்னால் இருக்கிறதுதான். விரதம் பிடிச்சிட்டு ஆரும் இடையில ஒரு மீன்துண்டு கடிக்கிறவையோ?"

புதுச் சீசனின் முதல் மட்ச்சில் எங்கள் வரிசையிலிருந்து பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் அண்ணை, பல்லுப் பிடுங்க வந்தவர் மாதிரி, இரண்டு கையையும் மடியில் வைத்து இருந்தார். கோல் விழுந்தது. அந்தப் பக்கம் முழுவதும் எழும்பியது, அண்ணை இருந்த இடத்தில் மட்டும் ஒரு பள்ளம். டேவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாங்கள் இருவருமே கை தட்டவில்லை.

அடுத்த கிழமை கிளப்புக்குப் போன் பண்ணி, என் இடத்தை அவருக்குப் பக்கத்துக் கதிரையாக மாற்றிக்கொண்டேன்.

"ஏன்ரா இங்க வந்தனி?"

"காலுக்கு ஏலாமக் கிடக்கு அண்ணை."

என் காலை மேலும் கீழும் பார்த்தார். "வயசு போகுதெல்லோ," என்றார், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆள் பந்தோடு தனியே ஓடினான். சுற்றிவர எல்லாரும் எழும்பினார்கள். அண்ணையின் பின்பக்கம் கதிரையைவிட்டு அரை அங்குலம் கிளம்பியது. சட்டென்று அவருடைய ஜெர்சியைப் பின்னால் பிடித்து இழுத்தேன். பொத்தென்று இருந்துவிட்டார்.

மட்ச் முடியும்வரை நான் பிடித்த பிடியை விடவில்லை. விடச் சொல்லி அவரும் கேட்கவில்லை.