உங்கள் தம்பியின் பெருவிரல்

திருகோணமலை,
ஆவணி, வியாழக்கிழமை பின்னேரம்.

மரியாதைக்குரிய பெரிய மச்சாளுக்கு,

“என்ட தம்பி கடைசி நேரத்தில சந்தோசமா இருந்தவனா, சசி?” என்று போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டீர்கள். எனக்குப் பதில் தெரியாது. வழக்கம்போல “ஓம் மச்சாள்” என்று சொல்லியிருக்கலாம். அன்று என்னால் ஏலவில்லை. தொடர்பு அறுந்ததுபோலப் பாசாங்கு செய்து போனை நிறுத்திவிட்டேன். அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும்.

இனி முறைப்படி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் பேத்தி ஜதுசா சொன்னாள். உங்களுக்கு முழங்காலில் ஊசி போட்டதாகவும், டொக்டர் சீனியைக் குறைக்கச் சொன்னதற்கு உங்கள் வீட்டுக்கார அண்ணர் தேத்தண்ணியைக் குறைத்துக்கொண்டு கேக் சாப்பிடுவதாகவும் அறிந்தேன். இங்கே வெயில் குறையவில்லை. முருங்கை காய்க்கிறது, தின்ன ஆளில்லை. லீவுக்கு வந்த ஜதுசா நாளை பின்னேரம் கொழும்புக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து கனடாவுக்கு உங்களிடம் வருகிறாள். இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்துவிடப் போகிறேன். வட்ஸ்அப்பில் எழுதினால், நான் குசினிக்குப் போய் வருவதற்குள் அது குடும்பக் குழுவில் வந்துவிடும், சிட்னியில் இருப்பவர்கள் அழுகிற மஞ்சள் முகங்களை வரிசையாக அனுப்பத் தொடங்குவார்கள். பிழையாக நினைக்காதீர்கள். இது உங்களுக்கு மட்டும்.

விசயம் அந்தப் படத்தைப் பற்றியது. எந்தப் படம் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்கள் ஹோலில் ரீவியைவிடப் பெரிதாகத் தொங்குகிறது. கோணேசர் மலைக்குக் கீழே, கடலுக்குள், கல்சுவருக்கு முன்னால் உங்கள் தம்பி. முகத்தில் கண்ணாடி, வாயில் றப்பர் குழாய், முதுகில் காற்றுச் சிலிண்டர், வலது கையில் பெருவிரல் நிமிர்ந்து நிற்கிறது. கூடச் சுழியோடிய ஒரு ஜெர்மன்காரி எடுத்தது. எடுத்துக் கொஞ்ச நேரத்தில் உங்கள் தம்பி வள்ளத்தில் இறந்துபோனார். இதயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வங்கி யன்னலால் துறைமுகத்தைப் பார்த்தே வேலைக்காலத்தை முடித்த மனுசன், நீந்தத் தெரியாத மனுசன், ஓய்வெடுத்த கையோடு நிலாவெளியில் போய்ச் சுழியோடப் பழகினார். “இந்த வயதில தவளை வேசம் தேவையா?” என்று நான் கேட்டேன். “இவ்வளவு நாளும் வெளியில இருந்து பாத்தது காணும், சசி” என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

செத்தவீட்டுக்குப் பிறகு எங்கள் எல்லோரையும் நிமிர்த்தி வைத்தது அந்த விரல்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்த நினைவு மலரின் அட்டைக்கு நான் அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தேன், நீங்கள் இதைப் போடச் சொன்னீர்கள். “இதில ஆளின்ட முகம் தெரியேல்லையே அக்கா, ஆரோ விண்வெளிக்குப் போன ஆள் எண்டு நினைக்கப் போகுதுகள்” என்றார் அச்சகத்துக்காரர். “விரல் தெரியுதுதானே தம்பி, அது காணும்” என்று கனடாவிலிருந்து ஸ்பீக்கரில் நீங்கள் சொன்னது கடை முழுக்கக் கேட்டது. உள்ளே, ‘பெருவிரல் காட்டிப் பெருங்கடல் போனாயே’ என்று தொடங்கும் சின்ன மாமாவின் வெண்பா. அது வெண்பா இல்லை என்று தமிழ் படிப்பிக்கும் அசனா டீச்சர் எனக்குக் காதுக்குள் சொன்னார், நான் யாருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம், திறப்புக் கோர்வை, பேரப்பிள்ளைகளுக்கு ரீசேட் என்று விரல் பரவியது. ஞாயிறுகளில் வீடியோவில் கதைத்து முடியும்போது எல்லோரும் அவரை நினைத்துப் பெருவிரலை நிமிர்த்தும் வழக்கமும் வந்தது. எனக்குச் சடங்குகளில் நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நானும் நிமிர்த்தினேன். ‘எனக்கு ஒன்றுமில்லை, நல்லாயிருக்கிறேன்’ என்று மனுசன் தன் கையாலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், வேறு என்ன வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் அடுத்த கட்டளையை அனுப்பினீர்கள். “ஒரு வருசத்து ஆட்டைத் திவசத்துக்கு முதல் அந்த இடத்தில ஒரு மாலை போட்டுட்டு வா. மேல இருந்து எறியாத, அது மிதந்து போயிடும். கீழ கொண்டுபோய்ப் போடு.” கீழே கொண்டுபோவது ஆர், எப்படி என்று நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆளை வைத்துப் போடலாமா என்று கேட்டதற்கு, “மாலையை ஆள் வைச்சுப் போடுறதோ?” என்று அழுதீர்கள். ஆகவே போன சனிக்கிழமை நிலாவெளிக்கு பஸ் ஏறி, உங்கள் தம்பிக்குப் பழக்கிய றுவைஸிடம் போனேன். நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். ஆழம் கூடக்கூட அமுக்கம் கூடும் என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன், ஆனால் அது என் காதுக்குள் நடக்கும் என்று எழுதியதில்லை. அந்தக் கதை பிறகு. முதலில் உடுப்பு. சுழியோடுகிறவர்களின் றப்பர் உடுப்பு, மச்சாள், ஆட்களை மனதில் வைத்துத் தைத்தது அல்ல. றுவைஸின் மனைவி பஹ்மியாதான் கதவைச் சாத்திவிட்டு என்னை அதற்குள் ஏற்றினார். “மூச்ச உள்ளுக்கு இழுத்துப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க டீச்சர், முதுகுச் சிப்ப இழுப்பம்” என்றார். வெளியிலிருந்து றுவைஸ், “மூச்சப் புடிக்கப் பழக்காத! தண்ணிக்குள்ள மூச்சப் புடிச்சா நெஞ்சு பழுதாப் போயிரும்!” என்று கத்தினார். “தண்ணிக்குள்ள போறதுக்கு முதல்ல உடுப்புக்குள்ள போகணுமே, அதுக்கு என்ன செய்யச் செல்றீங்க?” என்று பஹ்மியா திருப்பிக் கேட்டார். ஒருவழியாக உள்ளே போனேன். அதற்குமேல் மரியாதைக்காக ஒரு நீளச் சட்டையையும் போட்டுக்கொண்டேன்.

கடற்கரை மணலில் வைத்து றுவைஸ் கைச்சைகை பழக்கினார். தண்ணீருக்குள் கதைக்க ஏலாது, எல்லாம் கைதான். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையம் காட்டினால், சுகம். கையைத் தட்டையாகப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டினால், ஏதோ சரியில்லை. பிறகு பெருவிரலை நிமிர்த்திக் காட்டினார்.

“இது மேல போவம் எண்டு அருத்தம் டீச்சர்.”

“இல்லை, இது நல்லாயிருக்கு எண்டு,” என்றேன்.

“அது கரையில. தண்ணிக்குள்ள நல்லாயிருக்கு எண்டா வளையம். பெருவிரல் எண்டா என்ன மேல கூட்டிப் போ. ஏன் எதுக்கு எண்டு கேக்கிறல்ல, ஆரு காட்டினாலும் மேலதான்.”

திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னார். சொல்லும்போதே நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. கையைக் கீழே இறக்கிவிட்டு மணலைப் பார்த்தார். பஹ்மியா கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலை யாரும் வாங்காமல் அவரே வைத்துக்கொண்டு நின்றார்.

“அப்ப அண்டைக்கு அவர் மேல வரக் கேட்டவரா?” என்றேன்.

“அதத்தான் டீச்சர் நானும் இந்த ஒரு வருசமா யோசிக்கன். பாங்க் சேருக்குப் பெருவிரல் பழக்கம். ஆமை வந்தாப் பெருவிரல், மீன் வந்தாப் பெருவிரல். நான் ஒவ்வொரு தரமும் மேல கூட்டிக்கொண்டு வருவன். மேல வந்து, ‘டேய் றுவைஸ், நல்லாத்தானேடா இருந்துச்சு, என்னத்துக்கு இழுத்தனீ?’ எண்டு ஏசுவார். பிறகு வளையம் காட்டப் பழகினார், ஆனா சந்தோசம் கூடினா மறந்துருவார். அண்டைக்கும் காட்டினார். உடனே மேல கொண்டுவந்தன். அண்டைக்கு மட்டும் ஏசல்ல. வாயில இருந்ததக் கழட்டினார், ‘றுவைஸ்’ எண்டார். பிளேன்ரீ கேட்டார். பிளாஸ்க் மூடியில ஊத்திக் குடுத்தன். ரெண்டு வாய் குடிச்சார். அவ்வளவுதான்.”

“நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?”

“ஏலாமப் போய்க் கேட்டாரோ, இல்லாட்டி நல்லாயிருக்கு எண்ட மனுசன நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனோ, ரெண்டில எது எண்டாலும் எனக்கு நித்திர வாறல்ல டீச்சர்.”

அதற்குப் பிறகும் நான் தண்ணீருக்குள் இறங்கினேன். உடுப்பை மறுபடி கழற்றுவதைவிட அது லேசாகத் தெரிந்தது. இடுப்பளவு தாண்டியதும் என் மரியாதைச் சட்டை குடைபோல விரிந்து எழும்பி முகத்தை மூடியது. கரையில் என் மாணவி ஒருத்தியின் தாய் தகப்பன் கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எழும்பி நின்று பார்த்தது மட்டும் தெரியும். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கீழே போனோம். காது வலித்தது, மூக்கைப் பிடித்து ஊதினேன், திறந்தது. மீன்கள் வந்தன. ஆனால் எனக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது: பெருவிரலைக் காட்டிவிடக் கூடாது. அதை மற்ற விரல்களுக்குள் மடக்கி, கையை இறுக்கிப் பொத்தி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். உடனே றுவைஸ் பாய்ந்து வந்து, தன்னிடம் இருந்த மேலதிகக் குழாயை என் வாய்க்கு நேரே நீட்டி, என்னை இறுக்கிப் பிடித்து மேலே கொண்டுவந்தார். பொத்திய கையை நெஞ்சில் வைத்தால் காற்று முடியப் போகிறது என்று அர்த்தமாம். “டீச்சர், உங்கட கையப் பாத்து நான் செத்துப் பிழைச்சன்!” என்றார். பிறகு என்ன வார்த்தை சொன்னோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று கண்ணாடிக்குள் எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. வழக்கம்போல வீடியோவில் வந்தீர்கள். கதைத்து முடிந்ததும் நீங்கள், அண்ணர், சிட்னி, சின்ன மாமா, ரீசேட் போட்ட பேரப்பிள்ளைகள் எல்லோரும் பெருவிரலை நிமிர்த்தினீர்கள். சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் முகங்கள், ஒவ்வொரு முகத்துக்குப் பக்கத்திலும் ஒரு விரல். மேலே கூட்டிப் போ, மேலே கூட்டிப் போ, மேலே கூட்டிப் போ. அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

நீங்கள் இப்போது படத்தை எடுத்துப் பார்ப்பீர்கள், “அவன் சிரிக்கிறான் சசி” என்பீர்கள். மச்சாள், அவர் வாய் நிறைய றப்பர் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆராலும் சிரிக்க ஏலாது, நான் முயற்சி செய்து பார்த்தேன், உப்புத் தண்ணீர்தான் உள்ளே வந்தது. கண் பெரிதாகத் தெரிவது கண்ணாடியால். பயத்திலும் அப்படித்தான் தெரியும், அதிசயத்திலும் அப்படித்தான் தெரியும். நானும் இந்த நாலைந்து நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஆட்டைத் திவசத்துக்கு அச்சடிக்கக் கொடுத்திருக்கும் நினைவு அட்டையில் அந்தப் படத்தைப் போடவேண்டாம். அடையாள அட்டைப் படத்தைப் போடச் சொல்லுங்கள். அதில் அவர் யாரோ கோபப்படுத்தின மாதிரி இருப்பார், ஆனால் எங்களுக்கு விளங்காத ஒன்றையும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். ஒரு மனுசன் ஏலாமல் உதவி கேட்ட கையை நாங்கள் பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறோமோ என்ற நினைப்போடு என்னால் இன்னொரு வருசம் இருக்க முடியாது. மற்றவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டாம். தம்பி பெண்சாதி பிடிவாதக்காரி, சசிக்குப் படம் பிடிக்கவில்லையாம் என்று சொல்லுங்கள், நம்புவார்கள். உங்களுக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் கேட்டது நீங்கள்.

மாலையை மறக்கவில்லை. நாளை காலை றுவைஸோடு அந்தச் சுவருக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை என்பதால் ஜும்ஆத் தொழுகைக்கு முதல் கரைக்கு வந்துவிடுவோம். மாலை மிதக்காமல் இருக்க ஒரு கல்லைக் கட்டியிருக்கிறேன்.

உங்கள் முழங்கால் மடங்கவும், அண்ணரின் சீனி இறங்கவும், பிள்ளைகள் படிக்கவும் வேண்டுகிறேன். ஆரிடம் வேண்டுகிறாய் என்று கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி
சசிரேகா

பி.கு.: வெள்ளி, பின்னேரம். ஜதுசா வாசலில் பையோடு நிற்கிறாள், சுருக்கமாக எழுதுகிறேன். போனோம். மலை தண்ணீருக்கு மேலே முடிந்துவிடவில்லை, மச்சாள், அது அப்படியே கீழே இறங்கிப் போகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக என்னென்னவோ முளைத்திருக்கிறது. பெயர் தெரியாது, கேட்கவும் ஏலாது. படத்தில் அவருக்குப் பின்னால் இருக்கும் வெடிப்பைக் கண்டுபிடித்து அங்கே மாலையை வைத்தேன். கையை எடுக்கும் முன் ஒரு கிளாத்தி மீன் வந்து நூலைக் கடித்துவிட்டது. கல் கீழே போனது. பூக்கள் ஒவ்வொன்றாக மேலே போகத் தொடங்கின. அதில் ஆச்சரியம் இல்லை, மிதப்பு என்றால் அப்படித்தான். ஆனால் நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். வெளிச்சத்துக்குள் போகும் வரைக்கும் தெரிந்தன. றுவைஸ் முன்னால் வந்து வளையம் காட்டிக் கேட்டார். நான் பதில் காட்டினேன். அவர் உடனே என் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தார்.

“என்ன டீச்சர், காதா? மூச்சு ஏலாமப் போச்சா?”

“ஒண்டுமில்லை. நல்லாத்தானே இருந்தது. ஏன் இழுத்தனீங்கள்?”

அவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விரல் இன்னும் நிமிர்ந்துதான் இருந்தது.

உங்கள் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. படத்தை மாற்றவேண்டாம்.

பிறகு வள்ளத்தில் அவர் பிளாஸ்க் மூடியில் பிளேன்ரீ ஊற்றித் தந்தார். நான் முழுவதும் குடித்தேன்.