கடல் கண்ணாடி மாலையை நான் கழுவிய விதம்

ஓசூர்,
டிசம்பர் 5.

சௌபாக்கியவதி சுஜாதாவுக்கு அத்தை ருக்மணி எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் ராஜசேகரும் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் உன்னால் முடியாது.

விஷயம் நீ கடற்கரையில் பொறுக்கி, உன் கையாலேயே கோத்து அனுப்பிய கடல் கண்ணாடி மாலையைப் பற்றியது. ஆகஸ்டில் பார்சல் வந்தது. எனக்கொன்று, வீட்டு வேலை செய்யும் கெம்பம்மாவுக்கொன்று என்று நீ சொல்லியிருந்தபடி உள்ளே இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று நீல வெல்வெட், ரிப்பன் கட்டியது. மற்றது வெறும் அட்டை. எது யாருக்கு என்று யோசிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அட்டைப் பெட்டியைத் திறக்காமலே கெம்பம்மாவிடம் நீட்டினேன். அலங்காரப் பெட்டிக்குச் செலவு செய்வது மூடத்தனம் என்று உன் கல்யாணத்திலேயே நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும்; இருந்தாலும் எனக்காக நீ அந்த மூடத்தனத்தைச் செய்தாயே என்று மனம் குளிர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன பொங்கலுக்கு வந்தபோது சமையலறையில் நின்று நீ ராஜசேகரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "உங்கம்மா எதையுமே இருக்கிறபடி விடமாட்டாங்க. நான் குடுத்த புடவைக்கு ஃபால்ஸ் மாத்தினாங்க, ஊறுகாய்க்கு உப்பு போட்டாங்க, என்னையும் ஒருநாள் ஆல்டர் பண்ணக் குடுத்துருவாங்க." ஒட்டுக்கேட்கவில்லை; நீ மெதுவாகப் பேசவில்லை. அது என்னைத் தைத்தது. ஆகவே இந்த மாலையை மட்டும் தொடுவதில்லை என்று சபதம் செய்தேன். சபதம் ஒன்பது நாள் நின்றது.

நீயே சொல், கண்ணாடி என்றால் அந்தப் பக்கம் தெரிய வேண்டாமா? உன் கற்கள் ஏழும் மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த தம்ளர் போல இருந்தன. நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் தினமும் எங்கள் நகங்களைப் பார்த்த பிறகுதான் வகுப்புக்குள் விடுவார். அப்படி வளர்ந்தவள் மங்கலான பொருளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாலு பேர் முன் எப்படி நிற்பேன்? பெட்டியோடு நீ வைத்திருந்த குறிப்பை எடுத்துப் படித்தேன். வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு சோப்பு, குழந்தைகள் பல் தேய்க்கும் மெல்லிய பிரஷ், பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைத்தல், புளி எலுமிச்சை கூடாது, மற்ற நகைகளோடு உரசாமல் தனியாக வைத்தல். நன்றாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் அது ஸ்காட்லாந்துக்குச் சரி. நம் வீட்டு வாசலில் நாள் முழுக்க லாரி போகிறது. மூன்று முறை சோப்பு நீரில் குளிப்பாட்டினேன், மங்கல் போகவில்லை. வெள்ளிக் கம்பிக்கு மட்டும் கொஞ்சம் புளி தடவினேன். கற்களில் படக்கூடாது என்பது என் எண்ணம். புளிக்கு அது தெரியவில்லை. பிறகு பல்பொடி, பிறகு பாத்திரம் தேய்க்கும் சபீனா. கெம்பம்மாவுக்குக் கோபம் வந்தால் கன்னடம் வரும், தெரியுமில்லையா? "பேடாம்மா, பேடா! வேண்டாம்! அது அழுக்கில்ல. என்னுதும் அப்படித்தான் இருக்குது. பாத்திரம் வெளக்கறப்ப அதுவும் என்னோட குளிக்குது, முந்தானையில தொடச்சி விட்டுடறேன், அவ்ளோதான்" என்றாள். உன்னுதும் அழுக்குதான் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

அப்போதுதான் முனிவேல் நினைவுக்கு வந்தான். தேன்கனிக்கோட்டை ரோட்டில் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருப்பவன். பர்கூர்ப் பாறையைக் கொண்டுவந்து அவன் தேய்த்துப் போட்ட என் சமையல் மேடையில் வெங்காயம் அரிந்தால் நான் அழும் முகம் அதிலேயே எனக்குத் தெரியும். அவன் மாலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, மேல புகையாட்டம் நிக்குது. பாறையையே கண்ணாடி ஆக்கறோம், கண்ணாடியைக் கண்ணாடி ஆக்க மாட்டமா?" என்றான். இந்த வாதத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. குறடால் வெள்ளிக் கம்பியை நறுக்கிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட முதலில் முரட்டு வட்டு, அப்புறம் மெல்லிய வட்டு, கடைசியில் வெள்ளைப் பவுடர் என்று நாற்பது நிமிடத்தில் ஏழையும் பளபளவென்று ஆக்கிக் கையில் கொடுத்தான். நானே வெள்ளைச் சரட்டில் கோத்து, எதிர்வீட்டு நாராயணம்மா பேத்தியின் காதுகுத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன், முதல் வரிசையில்தான் உட்கார்ந்தேன். நாராயணம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சபை முழுக்கக் கேட்கும்படி, "ஏமம்மா ருக்மணி, ஸ்காட்லாந்துக் கல்லுன்னீங்க! அத்திப்பள்ளி ஒயின்ஷாப் பின்னால கெடக்கற பாட்டில் சில்லாட்டம் மின்னுதே?" என்றாள். பக்கத்திலிருந்த அவள் மருமகன் போனில் தேடிப் படித்துக் காட்டினான். அது பாட்டில் சில்லேதானாம். கடல் முப்பது நாற்பது வருடம் மணலில் புரட்டிப் புரட்டி ஏற்றிய அந்த மங்கல்தான் நகையாம். அது போனால் மிச்சம் குப்பையாம். நேரே பட்டறைக்குப் போய் முனிவேலிடம் சண்டை போட்டேன். அவனுக்கு வெட்கமே இல்லை. "நாப்பது வருசமாங்களா? பாவம், கடலுக்கு மெஷின் இல்லீங்களேம்மா" என்றான்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கல் போனதற்காக இல்லை. பொங்கலுக்கு நீ வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாய், ராஜசேகரை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாய். அந்தப் பார்வை எனக்கு ஆகாது. ஆகவே என் தங்கை மகன் அசோக்குமாரைக் கூப்பிட்டேன். அவன் சிப்காட் தொழிற்பேட்டையில் போல்ட்டு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசர். "பெரியம்மா, எங்ககிட்ட பேரல் இருக்குது. தண்ணி, கல்லு, சோப்பு போட்டு உருட்டுனா போல்ட்டு ஓரமெல்லாம் மழுங்கிடும். கடலும் இதத்தான பண்ணுது?" என்றான். குடும்பத்தில் ஒருவனாவது படித்திருக்கிறானே என்று நினைத்தேன். ஒரு ஷிப்ட் முழுக்க உன் கற்கள் சிப்காட் சமுத்திரத்தில் உருண்டன. ஏழு போட்டதில் ஆறு வந்தது. ஏழாவது போல்ட்டுகளோடு சேர்ந்து தரப் பரிசோதனைக்குப் போய், மறுநாள் சிவப்புச் சீட்டோடு திரும்பியது. "அளவு தவறு. பொருள் தவறு. மேற்பரப்பு மிக நன்று" என்று எழுதியிருந்தார்கள். சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முனிவேல் நறுக்கிய வெள்ளிக் கம்பி உதவாததால், அசோக்குமார் மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பியால் கட்டிக் கொடுத்தான்.

ஆக, மங்கல் திரும்பி வந்துவிட்டது. கற்கள் கொஞ்சம் இளைத்திருக்கின்றன, கம்பி நிறம் மாறியிருக்கிறது, மற்றபடி எல்லாம் பழையபடியே. நீ கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை என்பதால் எழுதுகிறேன். நீ சமையலறையில் சொன்னது சரி. எனக்கு விட்டுவைக்கத் தெரியாது. மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பழக்கமில்லை. இந்தப் பக்கத்தில் இரண்டு இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன், அடித்ததற்கு அடியில் படித்துக்கொள். இனி சோப்பு நீர், பருத்தித் துணி, வேறெதுவும் இல்லை.

உனக்கும் ராஜசேகருக்கும் என் ஆசிகள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே போகாதீர்கள்.

இப்படிக்கு,
அத்தை ருக்மணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது கெம்பம்மா வந்தாள். அவள் மாலையின் கொக்கி தளர்ந்துவிட்டதாம். பெட்டியோடு வந்த சீட்டை சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாளாம். "கேரண்டி கார்டா பாருங்கம்மா, நாளு முடியறதுக்குள்ள கேட்டுக்கலாம்" என்று நீட்டினாள். உன் கையெழுத்து. "அத்தைக்கு. வெல்வெட் பெட்டி வீண் என்பீர்கள் என்று இதைச் சாதா அட்டையில் வைத்திருக்கிறேன். இதை மட்டும் இருக்கிறபடி விட்டுவிடுங்கள்." நான் சொன்னதை இந்த உலகத்தில் ஒருத்தியாவது கேட்டு நடந்திருக்கிறாள், அதுவும் பார்த்து, இதில்! மாற்றிக்கொள்ளலாமா என்று கெம்பம்மாவிடம் கௌரவமாகக் கேட்டேன். செம்புக் கம்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பேடாம்மா. உங்க கையால எடுத்து நீட்டுனது, எனக்கு இதே போதும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

ஆகவே சுஜாதா, மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்கிறேன், அடித்த இரண்டு மன்னிப்புகள் உட்பட. நீ எனக்கு அனுப்பிய மாலையின் மேல் என் சுண்டுவிரல்கூடப் படவில்லை. பொங்கலுக்கு வந்து நீயே பார்த்துக்கொள். கெம்பம்மா கழுத்தில் இருக்கும், இருக்கிறபடி.