நுனி மேலே, அடி கீழே

முதல் நாள் மாலை குழந்தைவேல் தன் கையாலேயே ஆகாய நீலம் அடித்து முடித்த சாமி அலமாரிக் கதவில், மறுநாள் காலை ஓர் அம்பு நின்றது. கறுப்பு அம்பு, முழ நீளம், கூரையைப் பார்த்தபடி. பக்கத்துக் கதவில் தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பை ஒன்று எட்டிப் பார்த்தது.

"உண்ணாமலை, யாருடி இதுல கிறுக்குனது?"

"கிறுக்குறவ சாமி அலமாரியில சாராய கிளாஸா வரைவா?" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் பதில் வந்தது.

துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தேய்த்தார். நீலம் போனது, அம்பு போகவில்லை. அந்த அம்பையும் கோப்பையையும் குழந்தைவேல் நன்றாக அறிவார். அவர் மங்களா சுண்ணாம்பு ஆலையின் ஸ்டோர்கீப்பர். ஜெர்மனியிலிருந்து ஆலைக்கு வந்த மெஷின் பெட்டிகள் எல்லாவற்றிலும், இந்தப் பக்கம் மேலே, உடையும் பத்திரம் என்று சொல்லும் இதே படங்கள்தான். பிரித்த பெட்டிகளின் பலகைகளை யார்டில் அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். போன மாதம் அதில் நாற்பது பலகைகள் காணாமல் போயின.

மேனேஜர் ராசாங்கம் எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டிருந்தார். "யார்டு சாவி உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. நான் எடுக்கப்போறதில்ல. மாசக் கடைசிக்குள்ள திருடனப் பிடிங்க. இல்லாட்டி நீங்கதான் திருடன், வேலையும் இல்ல."

அந்த ராசாங்கத்தைக் கொஞ்சம் குளிர வைக்கலாம் என்றுதான் மறுநாள் தன் வீட்டில் நடக்கும் புதுமனை புகுவிழாவுக்குக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்.

குழந்தைவேல் செருப்பு கூடப் போடாமல் பெரம்பலூர்க் கடைத்தெரு வழியாக ஓடி, பிச்சைமுத்து ஆசாரியை உளியும் கையுமாக இழுத்து வந்தார்.

"என்ன மரம்யா போட்ட?"

"நீங்க என்ன சொன்னீங்க? தேக்குன்னேன், பெயின்ட் அடிக்கிற கதவுக்கு எதுக்குத் தேக்குன்னீங்க. வேம்பு முறுக்கிக்கும்னீங்க. மாமரத்தப் பூச்சி தின்னும்னீங்க. கடைசியில, பெயின்ட்டுக்குள்ள எந்த மரம் இருந்தா எவனுக்குத் தெரியப்போகுதுன்னு கத்துனீங்க. சந்தையில பொட்டிப் பலகை வந்துச்சு. லேசு, முறுக்காது, பெயின்ட்டு நல்லாப் பிடிக்கும்."

"யாரு வித்தது?"

"லாரியில கொண்டாந்து இறக்குனான். பேரெல்லாம் கேக்கல."

"படம் இருந்துச்சே, அது கண்ணுல படலியா?"

"பட்டுச்சு. இழைச்சுப் பாத்தேன், போகல. தார் மை, மரத்துக்குள்ள ஊறிக் கெடக்கு. அதான் பட்டி போட்டு மறைச்சேன்."

"மறைச்சவன் அம்ப மட்டும் எதுக்குய்யா இவ்வளவு நேரா நிறுத்துன?"

ஆசாரிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "கதவுல மரத்தோட அடி கீழயும் நுனி மேலயும் இருக்கணும். மாத்தி வச்சா வூடு வெளங்காது. பொட்டிப் பலகையில அடி எது, நுனி எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அம்பு காட்டுச்சு. தலைகீழா மாட்ட நான் என்ன தொழில் தெரியாதவனா?"

ஆத்திரத்தில் குழந்தைவேல் கதவை ஓர் உதை விட்டார். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் கட்டைவிரல் வீங்கிக்கொண்டது.

மிச்சமிருந்த நீலத்தைக் கெட்டியாக இன்னொரு கோட்டிங் அடித்தார். மதியத்துக்குள் அம்பு மறுபடி மேலே வந்தது. இந்த முறை ஓரத்தில் பழுப்புக் கரை கட்டி, முன்னைவிட எடுப்பாக நின்றது.

"எதிர் வூட்டு சின்னம்மாள் பாத்துட்டா," என்றாள் உண்ணாமலை. "உங்க வூட்டுக்காரரு பிராந்திக்குப் பர்மிட் வாங்கிட்டாரான்னு கேக்குறா."

"ஆசாரி, கதவைக் கழட்டி உள்பக்கத்த வெளிய திருப்பு."

திருப்பினார்கள். உள்பக்கத்தில் ஒரு குடை இருந்தது. குடைக்குக் கீழே, பெட்டி வந்து இறங்கிய அன்று குழந்தைவேல் தன் கைப்படச் சிவப்பு மையில் எழுதிய 'பெட்டி எண் 17' லேசாகத் தெரிந்தது. கையெழுத்தை யார் வேண்டுமானாலும் அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

"பழையபடியே மாட்டித் தொலை," என்று கத்தினார். மறுபடி மாட்டும்போது ஆணித் துளைகள் பெரிதாகிப் போயிருந்தன. கதவு சாத்தினாலும் சாத்திய இடத்தில் நிற்கவில்லை. கடைசியில் அம்பின் மேல் முருகன் காலண்டரும், கோப்பையின் மேல் பிள்ளையார் காலண்டரும் மாட்டி, இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் ராசாங்கம் மனைவி செங்கமலத்தோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, பால் டம்ளரைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"நாப்பது பலகை, குழந்தைவேல். எவன் வூட்டுல ஒரு துண்டு கெடச்சாலும் நேரா போலீஸ்தான். தயவு தாட்சண்யமே கெடையாது."

"ஆமாங்க சார்," என்றார் குழந்தைவேல், நொண்டியபடி அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு. இந்த மனிதனின் கையில் தன் சோறு இருப்பதை நினைக்க நினைக்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுக்குறேங்க, கொஞ்சம் நகருங்க," என்று செங்கமலம் எழுந்து வந்தாள். நகராமல் இருக்க முடியவில்லை. அவள் கை பட்டதும் கதவு ஆடியது. முருகன் விழுந்தார், பின்னாலேயே பிள்ளையாரும் விழுந்தார். அம்பும் கோப்பையும் நட்ட நடுவீட்டில் பளிச்சென்று நின்றன.

ராசாங்கத்தின் பால் டம்ளர் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அவர் முகம் வெளுத்தது.

"சார், என் புள்ளைங்க மேல சத்தியமா, நான் சந்தையில..." குழந்தைவேல் கையைக் கூப்பினார்.

ராசாங்கம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக எழுந்தார். "செங்கமலம், வா, கெளம்பலாம்."

ஸ்டேஷனுக்குத்தான் போகிறார் என்று குழந்தைவேல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

செங்கமலம் நகரவில்லை. கதவை ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு, புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இருங்க, இத வந்து பாருங்க. இவங்க வூட்டுல அம்பு எவ்வளவு நேரா மேல பாத்து நிக்குது. நம்ம வூட்டு எட்டுக் கதவுலயும் தலைகீழால்ல மாட்டிவச்சிருக்கான் அந்த ஆசாரி."