மூணாம் நம்பரைக் கூப்பிடக் கூடாது

அன்று காலையில் ஐந்தாவது முறையாக மாஸ்டரின் தலைக்கு மேலே விளக்கு சிவப்பாக எரிந்தது.

"தட்டில் எதிர்பாராத பொருள் இருக்கிறது," என்றது கடையில் பில் போடும் மெஷின். பெண் குரல்தான், ஆனால் மாஸ்டர் வீட்டில் கேட்டுப் பழகாத அளவுக்குப் பொறுமையான குரல். எதிர்பாராத பொருள் அவருடைய குடை. கை இரண்டும் போதவில்லை என்று பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்திருந்தார். அதற்கு முந்தைய தடவை எதிர்பாராத பொருளாக இருந்தது அவருடைய முழங்கை.

கடையின் அந்தக் கோடியிலிருந்து மூணாம் நம்பர் வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். வலது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு அரை ஓட்டமாக வந்து, குடையை எடுத்து அவர் கையில் கொடுத்து, கழுத்தில் தொங்கிய அட்டையை மெஷினிடம் காட்டினாள். விளக்கு பச்சையானது.

"மன்னிச்சுக்கோங்கம்மா. இன்னிக்கு உங்களை ரொம்பத்தான் படுத்தறேன்."

"இதுல என்ன சார் இருக்கு. கூப்பிடறதுக்குத்தானே நான் நிக்கறேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மாஸ்டருக்குத்தான் உடம்பு கூசியது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் மாஸ்டர். முப்பத்திரண்டு வருஷம் ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள், மீதிப் பேர் அந்தப் பாதிப் பேரைப் பார்த்து ஓரமாக நடப்பவர்கள். அப்பேர்ப்பட்டவருக்கு அரை கிலோ வெங்காயத்துக்குப் பில் போட வரவில்லை.

முன்பெல்லாம் அந்தக் கடையில் நாலு கவுண்ட்டர்கள் இருந்தன. மூன்றாவது கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்ததால் அவள் மூணாம் நம்பர். எந்த வீட்டில் எந்த சோப்பு, எந்தப் பிள்ளைக்கு எந்த பிஸ்கட் என்று அவளுக்கு மனப்பாடம். மாஸ்டர் ஞாபக மறதியாக நீல சோப்பை எடுத்து வந்தால், "இது இல்ல சார், வீட்டுல பச்சைதான்," என்று சத்தமில்லாமல் ஓரமாக வைத்துவிடுவாள். முட்டையை எப்போதும் பையில் மேலாக வைப்பாள். மாஸ்டர் வீட்டில் வெடிக்க வேண்டிய எத்தனையோ சண்டைகள் அந்தக் கவுண்ட்டரிலேயே அணைந்து போயின. அவருக்கு வாய்த்த இரண்டாவது பிரேக் அவள்.

அதை அவர் அப்போது உணர்ந்தாரா என்றால் இல்லை. வரிசை நீளமாக இருந்தால் எல்லோரையும் போல முணுமுணுத்தார். ஒருநாள் கடையில் ஒரு தாளை நீட்டினார்கள். வரிசை வேகமாக நகர வேண்டுமா, ஆம், இல்லை. இதற்கு இல்லை என்று யார் போடுவார்? மாஸ்டர் 'ஆம்' என்ற இடத்தில் பேனா அழுந்த ஒரு டிக் போட்டார். இரண்டே மாதத்தில் கவுண்ட்டர்களைப் பெயர்த்துவிட்டு நாலு மெஷின்களை நட்டார்கள். மூன்று பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். மெஷின்களைப் பார்த்துக்கொள்ள என்று மூணாம் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கவுண்ட்டரோடு அவள் உட்காரும் நாற்காலியும் போயிற்று.

தான் போட்ட டிக்கை நினைத்தால் மாஸ்டருக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

வீட்டுக்குப் போய், ஐந்து தடவை விளக்கு எரிந்த கதையை மனைவியிடம் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. முந்தின நாள் பஸ் நிறுத்தத்தில் மூணாம் நம்பரைப் பார்த்தாளாம். முட்டி வீங்கி, துணி சுற்றிக்கொண்டு, பஸ் படியில் ஏற முடியாமல் நின்றாளாம்.

"நாள் முழுக்க நின்னு ஓடி அந்தக் கால் அப்படி ஆயிருக்கு. அதுல பாதி ஓட்டம் உங்களுக்காக. ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தீங்களே, ஒரு பெட்டியைத் தட்டத் தெரியலையா?"

இது மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. டிக் போட்டு நாற்காலியைப் பறித்தாயிற்று, இனி காலையாவது காப்பாற்ற வேண்டும். இனிமேல் அவளைக் கூப்பிடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

மறுநாள் வெங்காயத்தோடு போனார். மெஷின் படங்களைக் காட்டி இது என்ன என்று கேட்டது. மாஸ்டரின் விரல் வழுக்கிப் பூண்டின் மேல் விழுந்தது. திருத்தத் திருத்த இன்னொரு பூண்டு ஏறிக்கொண்டே போனது. மூணாம் நம்பர் அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள். மாஸ்டர் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு கடைசிப் பொத்தானை அழுத்தினார்.

கதவருகே பில்லைச் சரிபார்க்கும் காவலாளி ஒருவர் உண்டு. "பில்," என்ற ஒரு வார்த்தையைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அவர் பில்லைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். பையில் ஒரு பொட்டலம் வெங்காயம், பில்லில் பதினொரு பொட்டலம் பூண்டு. கையைத் தட்டி மூணாம் நம்பரை அழைத்தார். அவள் கடைக் கோடியிலிருந்து கதவுக்கு வந்தாள். பில்லை ரத்து செய்யும் சாவி மாடியில் மேனேஜரிடம் இருந்தது. மாடி ஏறினாள், இறங்கினாள், கையெழுத்து விட்டுப் போயிற்று என்று மறுபடியும் ஏறினாள். விளக்கை எரியவிட்டிருந்தால் பத்தடியோடு முடிந்திருக்கும்.

சரி, கடை காலியாக இருக்கும் மதியத்தில் போய்ப் பழகுவோம் என்று அடுத்த நாள் ஒரு நோட்டும் பென்சிலுமாகப் போனார். மெஷின் சொல்வதை ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டார். கையில் ஒரு பொருளும் இல்லாமல் மெஷினைச் சுற்றிச் சுற்றிக் குறிப்பெடுக்கும் ஆளைப் பார்த்தால் எந்தக் காவலாளிதான் சும்மா இருப்பார்? வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மூணாம் நம்பரோ விளக்கு எரியாமலே நாலு தடவை வந்து, ஏதாவது வேணுமா சார் என்று கேட்டுவிட்டுப் போனாள். கூப்பிட்டிருந்தாலும் இத்தனை நடந்திருக்க மாட்டாள்.

அப்போதுதான் மாஸ்டருக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. புதிதாகக் கற்கிறவனை எடுத்த எடுப்பில் யாராவது ரோட்டில் விடுவார்களா? முதலில் மைதானம்தானே?

கூடத்து மேஜையை மைதானமாக்கினார். செருப்பு வந்த அட்டைப்பெட்டிதான் மெஷின். சமையலறைத் தராசு தட்டாயிற்று. விளக்குக்கு டார்ச். குரலுக்கு மனைவியைக் கேட்டார். முதலில் மாட்டேன் என்றவள், ஒருமுறை சொல்லிப் பார்த்ததும் விடவில்லை. தட்டு காலியாக இருக்கும்போதுகூடச் சொன்னாள்.

"எதிர்பாராத பொருள் இருக்கிறது."

"தட்டுல ஒண்ணும் இல்லையே?"

"தட்டுலன்னு நான் சொல்லலை. வீட்டுல."

ஐந்தே நாளில் மாஸ்டர் தேறிவிட்டார். ஆறாம் நாள் கடையில் பால், ரொட்டி, சோப்பு, வெங்காயம் நாலையும் ஒரு சிவப்புகூட இல்லாமல் முடித்தார். ஆனால் அவர் முடித்துத் திரும்பும்போது பக்கத்து மெஷினில் விளக்கு எரிந்தது. தையல்கடைக்காரர், தெரு முனையில் கடை வைத்திருப்பவர், மெஷினைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார். மூணாம் நம்பர் காலை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஒருத்தர் திருந்தினால் போதாது என்று மாஸ்டருக்குப் புரிந்தது. தெருவையே திருத்த வேண்டும்.

அன்று மாலை முதல் வகுப்பு. தையல்கடைக்காரர் வந்தார். மாடி வீட்டு நர்ஸ் வந்தாள். அவளுக்கு மெஷின் பிடிக்கும், தான் எத்தனை சாக்லேட் வாங்குகிறாள் என்று அதற்குக் கணக்குத் தெரிந்தாலும் முகத்தில் காட்டாது என்பாள். எதிர்வீட்டு வக்கீல் வந்தார். பில்லும் நாமே போட வேண்டுமென்றால் நாளைக்குத் தரையையும் நம்மையே பெருக்கச் சொல்வார்கள் என்று முதல் நாளே வாதாடினார். மொத்தம் பதினாலு பேர். மூணாம் நம்பரின் கால் என்றதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். வரிசையில் நின்று முணுமுணுத்தவர்கள்தானே எல்லோரும். அந்தத் தாளில் என்ன டிக் போட்டோம் என்று ஒருவரும் மற்றவரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சுவரில் ஒரே ஒரு விதியை மாஸ்டர் பெரிய எழுத்தில் ஒட்டினார். மூணாம் நம்பரைக் கூப்பிடக் கூடாது.

நர்ஸ் இரண்டு நாளில் பாஸானாள். தையல்கடைக்காரருக்கு ஒரு வாரம். வக்கீல்தான் பிடிவாதம். பொருளைத் தட்டில் வைக்கவும் என்று மாஸ்டரின் மனைவி சொன்னால், வைத்தாயிற்று, வேண்டுமானால் சாட்சி இருக்கிறது என்று அட்டைப்பெட்டியோடு மல்லுக்கு நின்றார்.

பதினைந்து நாளில் கடையில் விளக்கு எரிவது அடியோடு நின்றது. மூணாம் நம்பர் தன் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாராவது தடுமாறினால் ஒரு அடி முன்னால் வைப்பாள். உடனே தெருக்காரர்களில் ஒருவர் பாய்ந்து போய், வேண்டாம்மா, நீங்க இருங்க, நாங்க பார்த்துக்கறோம் என்று சரிசெய்துவிடுவார். அவள் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொள்வாள்.

நிற்பானேன் என்று தையல்கடைக்காரர் தன் கடையிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அதற்கு மாஸ்டரின் மனைவி பூப்போட்ட துணியில் மெத்தை தைத்துக் கொடுத்தாள். மாஸ்டரே அதைக் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்து, உட்காருங்கம்மா என்றார். மூணாம் நம்பர் மெத்தையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. மாஸ்டருக்கும் கலங்கியது.

"வாரத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுங்க சார்," என்றாள். "என்னை மறந்துடாதீங்க."

"மறக்கறதாவது. உங்களுக்கு இனிமே எங்களால ஒரு தொந்தரவும் வராது. இது என் வாக்கு."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். மேலே கேமராவைப் பார்த்தாள். பிறகு மெத்தையைத் தடவிவிட்டு உட்கார்ந்தாள்.

இதை வீட்டில் சொன்னபோது மாஸ்டரின் மனைவி கேட்காமலே காப்பி கொண்டுவந்து வைத்தாள். மணமான நாளிலிருந்து அவர் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்றாள். அன்றைக்குத்தான் வெகு நாளுக்குப் பிறகு மாஸ்டருக்குச் சோறு இறங்கியது.

அந்த வாரம் டை கட்டிய ஒருவர் கடைக்கு வந்து ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு போனார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்தார். இந்த ஸ்டூல் யார் போட்டது என்று விசாரித்தார். அவளுக்கு ஏதாவது வந்துவிடப் போகிறதே என்று மாஸ்டர் முந்திக்கொண்டு போய், நாங்கள்தான் போட்டோம், தங்கமான மனுஷி, இவர்களிடம் கற்றுக்கொண்டதால்தான் இன்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் மெஷின் அத்துப்படி, நாங்கள் யாரும் இவர்களைக் கூப்பிடுவதே இல்லை என்று ஒரு பாட்டம் சொல்லி முடித்தார். டை கட்டியவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்லவர் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வக்கீலும் பாஸானார். திங்கட்கிழமை காலை அந்தச் செய்தியைச் சொல்லத்தான் மாஸ்டர் கடைக்கு ஓடினார். பதினாலுக்குப் பதினாலு. டிரைவிங்கில்கூட அவருக்கு அப்படியொரு கூட்டம் தேறியதில்லை.

மூலையில் ஸ்டூல் இருந்தது. மெத்தை இருந்தது. அவள் இல்லை.

கால் வலிக்கு லீவு போட்டிருப்பாள், போடட்டும், இப்போதாவது போட முடிந்ததே என்று மாஸ்டருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டே நிமிஷத்தில் பில் போட்டார். நன்றி, மீண்டும் வருக என்றது மெஷின். பொருள்களைப் பையில் அடுக்கிக்கொண்டு கதவுக்கு வந்தார்.

"பில்," என்றார் காவலாளி.

மாஸ்டர் நீட்டினார். "இன்னிக்கு மூணாம் நம்பர் லீவா?"

காவலாளி பில்லைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார். அடியில் முட்டை நசுங்கி, ரொட்டியெல்லாம் ஈரமாகியிருந்தது.

"இனிமே வரமாட்டாங்க சார். சனிக்கிழமையோட நிறுத்திட்டாங்க."

மாஸ்டர் பையைக் கீழே வைத்தார். "எதுக்கு? அவங்க மேல ஒரு புகாரும் கிடையாதே. நானே அன்னிக்கு அந்த டை கட்டினவர்கிட்ட எவ்வளவு நல்லவிதமா சொன்னேன்?"

"புகார் எதுவும் இல்ல. இந்த விஷயத்தைப் பத்திக் கஸ்டமர்கிட்ட நாங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு, அதான் அவங்களும் சொல்லலை." காவலாளி ஈரமான ரொட்டியை எடுத்துத் துடைத்து, நல்ல முட்டைகளைப் பொறுக்கி மேலாக வைத்து, பையை மாஸ்டரின் கையில் கொடுத்தார். "தினம் பத்து தடவையாவது அந்த விளக்கு எரிஞ்சாத்தான் அங்க ஒரு ஆள் நிக்கலாம்னு கணக்கு. அதுல அஞ்சை நீங்க ஒருத்தரேதான் எரியவெச்சிட்டு இருந்தீங்க, சார்."