ஐந்தாம் ஆண்டுக் கொந்திராக்கு

காலை ஒன்பது இருபதுக்கு நான் பசை டப்பாவுடன் வகுப்புக்குத் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டவை, மேசைகளின்மேல் கவிழ்த்து வைக்கப்பட்ட நாற்காலிகள். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகும்போது மாணவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். பள்ளி முடிய மதியம் ஒன்றேகால் ஆகும். கவிழாத நாற்காலி ஒன்றுதான். கடைசி வரிசையில் இருந்த அதில் கல்வி இலாகா அதிகாரி உட்கார்ந்திருந்தார். என் பணியை உறுதிப்படுத்தலாமா என்று பார்க்க வந்த அம்மையார்.

"பிள்ளைங்க ரொம்ப ஒழுங்கா வெளிய போனாங்க டீச்சர். எங்க போறாங்க?" என்றார்.

எனக்கும் அதே கேள்விதான்.

புதிய ஆசிரியர்களுக்கு ஒரு நோய் உண்டு. சுவரில் எதையாவது ஒட்டாவிட்டால் தூக்கம் வராது. எனக்கு அது முற்றியிருந்தது. கிள்ளான் நகரத்தில் வளர்ந்து, கோலசிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு, ஐந்தாம் ஆண்டு வகுப்பின் ஆசிரியையாக வந்தவள் நான். முதல் மாதத்திலேயே சத்த அட்டை, கைகழுவும் அட்டை, எந்த அட்டை எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டை எல்லாம் ஒட்டி முடித்தேன். (மின்விசிறியின் சுவிட்ச் அவற்றில் ஒன்றின் பின்னால் போய்விட்டது. ஒருநாள் முழுக்க வேர்த்தோம்.)

பயிற்சியில் சொல்லித்தந்த 'வகுப்பு ஒப்பந்தம்' மட்டும் பாக்கி. விதிகளை மாணவர்களோடு பேசி எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். 'ஒப்பந்தம்' தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்கும் என்று நானே முடிவுசெய்தேன். வெள்ளிக்கிழமை, பெரிய அட்டையில் உள்ளூர்ச் சொல்லிலேயே தலைப்பு எழுதினேன்: 'ஐந்தாம் ஆண்டுக் கொந்திராக்கு'.

வகுப்புத் தலைவி ஜெசிந்தா எழுந்தாள். அவள் அப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்.

"மெய்யாவே கொந்திராக்கா டீச்சர்? நாள் சம்பளம் இல்லையா?"

கேள்வி எனக்குப் புரியவில்லை. புரியாத கேள்விகளுக்கென்று அப்போது ஒரு புன்னகை வைத்திருந்தேன். "மெய்யாவேதான்," என்றேன். கையெழுத்துப் போட முண்டியடித்தார்கள். வட்டாரச் சொல்லின் வலிமை பற்றி அன்று மாலை கணவருக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். கட்டுரைப் பாடம். எழுத விட்டுவிட்டு, அடுத்த நடவடிக்கைக்கான பசையைத் தேடி ஆசிரியர் அறைக்குப் போனேன். கிடைக்க நேரமாகிவிட்டது.

வெளியே ஓடினேன். அதிகாரியும் பின்னால் வந்தார். வாசலில் ஐந்தாம் ஆண்டு வகுப்பு முழுவதும் புத்தகப்பையோடு வரிசையில் நின்றது. காவல்கார அண்ணன் கேட்டைத் திறக்க மறுத்துக்கொண்டிருந்தார்.

"யார் உங்கள போகச் சொன்னது?"

"வேல முடிஞ்சிருச்சு டீச்சர். கொந்திராக்கு," என்றாள் ஜெசிந்தா.

"வேல முடிஞ்சா போகலாம்னு நான் எழுதவே இல்லையே?"

என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "அத எழுத வேணாம் லா டீச்சர். கொந்திராக்குன்னாலே அதான்."

தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த அதிகாரிதான் எனக்கு விளக்கினார். நாள் சம்பளக்காரர் நேரம் முடியும்வரை நிற்கவேண்டும். கொந்திராக்கில் இருப்பவர் கொடுத்த வேலையை முடித்தால் கிளம்பிவிடலாம். வேலை போய்விட்டது என்றே முடிவுசெய்து, என் மனம் கிள்ளானில் அம்மா வீட்டுப் பின்னறையைக் கூட்டித் துடைக்கத் தொடங்கியது.

"வேல முடிஞ்சதுன்னு யாரு பாத்தது?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான். கொற வேல வச்சா சம்பளத்துல வெட்டுவாங்க. அதனால ரெண்டு வாட்டி பாத்தேன்."

வகுப்புக்குத் திரும்பினோம். அதிகாரி கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் முழுமை. முதல் பத்தியை இதுவரை தாண்டியே இராத தர்ஷினியின் கட்டுரைகூட முடிந்திருந்தது. வேறு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குப் பயம். ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"அவளேதான் எழுதுனா டீச்சர். கேங்குல ஒருத்தர் முடிக்கலன்னாலும் யாரும் போக முடியாது. நாங்க சுத்தி நின்னு, 'அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கேட்டோம். அவ்ளோதான்."

"நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்," என்றார் அதிகாரி. அறிக்கையில், ஆசிரியர் இல்லாத நேரத்திலும் வகுப்பு சிறப்பாக இயங்கியது என்று எழுதினார். இந்த முறையை எங்கே கற்றீர்கள் என்றும் கேட்டார். என் ஆசிரியப் பணியின் மிகச் சிறந்த பாடம் நடந்தபோது நான் அலமாரிக்குள் தலையை விட்டிருந்தேன் என்று சொல்லவில்லை. தலையை அடக்கமாக ஆட்டினேன்.

மீதி நேரத்துக்கு ஜெசிந்தா புதுக் கொந்திராக்கு கேட்டாள். பேரம் பேசி முடித்தோம்: வேலை முடிந்தால் வீடு கிடையாது, திடல் உண்டு. மாணவர்கள் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றிலும் நான்தான் விட்டுக்கொடுத்தேன்.

வீட்டில் இன்றுவரை எனக்கு விடிவில்லை. பாத்திரம் கழுவச் சொன்னால் கணவர் கையைக் கட்டிக்கொண்டு, "நாள் சம்பளமா, கொந்திராக்கா?" என்கிறார். நாத்தனார் பிள்ளைகள்வரை அது பரவிவிட்டது.

பணி உறுதிக் கடிதம் ஆகஸ்டில் வந்தது. அன்று ஐந்தாம் ஆண்டு, பன்னிரண்டு மணிக்கே திடலில் இருந்தது.