நான் கும்பிடவில்லை, லென்ஸ் தேடினேன்

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று மக்கள் நம்புகிறார்கள். எனக்கு இரண்டு கண்ணும் மைனஸ் ஏழு. காண்டாக்ட் லென்ஸ் இல்லாவிட்டால் எதிரில் நிற்பது அம்மாவா, குளிர்சாதனப் பெட்டியா என்று சொல்லச் சற்று நேரம் பிடிக்கும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் ஒரு முழு அடுக்குமாடி புளோக்கும் என்னை ஜப்பான் ராணுவத்தின் பக்தை என்று மூன்று வாரம் நம்பியதற்கு முதல் காரணம் அந்த மைனஸ் ஏழு. இரண்டாவது காரணம் என் வாய்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கடையில் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். மற்ற பெண்களுக்குக் கொரியத் தொடர்கள்போல எனக்குப் போர்க்கால வரலாறு. சிங்கப்பூரை ஜப்பான் பிடித்து ஆண்ட அந்த மூன்றரை ஆண்டுகளைப் பள்ளியில் எல்லோரும் பரீட்சைக்குப் படித்தார்கள், பிறகு மறந்தார்கள். எனக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. அதிலும் எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஜெயித்து வந்தவர்களின் கதைதான். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒருவன் எப்படி நாலைந்து வருடத்தில், கண்டவரையெல்லாம் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சுடுகிறவனாக மாறினான்? இன்றும் இது நல்ல கேள்வி என்றுதான் நினைக்கிறேன். அதை நான் கேட்ட இடங்கள்தான் சரியில்லை.

பெரும்பாலும் பரிசோதனை அறையில் கேட்டேன். அங்கே வாடிக்கையாளர் தாடையை இயந்திரத்தில் வைத்திருப்பார், எழுந்து ஓட முடியாது.

"ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா அண்ணே? மலாயாவுல ஜப்பான்காரங்க சைக்கிள்லயே வந்தாங்க, தெரியுமா? டயர் போனா வெறும் ரிம்ல ஓட்டியிருக்காங்க. சரி, இப்ப மூணா, நாலா?"

கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு புதுக்கோட்டைக்காரர் ஒருநாள் பொறுமையாகச் சொன்னார்: "எல்லாமே தெளிவா இருக்குங்க மேடம். எனக்கு ஆறு மணிக்கு ரூமுக்குப் போற லாரி."

(எல்லாமே தெளிவாக இல்லை. அவருக்குப் பவர் பாயிண்ட் எழுபத்தைந்து. திரும்ப வரவழைத்துக் கண்ணாடி கொடுத்தேன்.)

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு குன்று. ஜப்பானியர் தங்கள் தரப்பில் செத்தவர்களுக்காக அதன் உச்சியில் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். சிறைப்பிடித்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களைக் கொண்டு கட்டியது. அந்தக் கைதிகள் தங்கள் ஆட்களுக்காகவும் பின்பக்கம் ஒரு மரச்சிலுவை நட்டுக்கொண்டார்கள். போர் முடிந்தபோது இரண்டும் போயின. மிஞ்சியவை நூற்றிருபது கல்படிகள். காலையில் மக்கள் உடம்பு இளைக்க அதில் ஏறி இறங்குவார்கள். நான் நோட்டுப் புத்தகத்தோடு ஏறுவேன். படி எண்ணுவேன், நிற்பேன், எழுதுவேன். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த வருடம் பிப்ரவரி பதினைந்து திங்கட்கிழமையில் வந்தது. பிரிட்டிஷார் சரணடைந்த நாள். எனக்கு அன்று விடுப்பு. சீனப் புத்தாண்டு முடிந்து ஒரு வாரம். பக்கத்து வீட்டுச் சீனர் கோ அங்கிள் கொடுத்த ஆரஞ்சுகளில் ஒன்று, ஒரு பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

உச்சியில் காற்று. கண் உறுத்தியது, தேய்த்தேன், வலது லென்ஸ் வெளியே வந்துவிட்டது. பைக்குள் விழுந்திருக்குமோ என்று உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து மேல்படியில் வரிசையாக வைத்தேன். ஆரஞ்சு, பிஸ்கட், தண்ணீர். பையில் இல்லை. இனி தரையில்தான் தேட வேண்டும். மைனஸ் ஏழு கண்ணுக்குப் பதினான்கு சென்டிமீட்டர் தூரத்தில் பூதக்கண்ணாடி மாதிரித் தெரியும். இது தொழில் ரகசியம். ஆகவே மண்டியிட்டேன். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றினேன். இடது கண்ணை மூடிக்கொண்டு, நெற்றி கல்லில் படுமளவுக்குக் குனிந்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பத்து நிமிடம் இருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில் உடற்பயிற்சிக்கு வந்த யாரோ ஒரு போட்டோ எடுத்திருக்கிறார். எடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அது நல்ல போட்டோ. காலை வெயில், மூடிய கண், முன்னால் பழம், பலகாரம், தீர்த்தம்.

நான் ஒற்றைக் கண்ணோடு வீட்டுக்கு வருவதற்குள் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிட்டது. கீழே ஒரு வரி: 'இன்றைக்கு என்ன நாள் என்று இவருக்குத் தெரியுமா? பத்தாம் மாடிப் பெண்தானே?'

அம்மா அப்போது தேக்கா மார்க்கெட்டில் இருந்தார். மீன்காரருடைய மச்சான் எங்கள் புளோக்கில் ஐந்தாம் மாடி. அம்மா வஞ்சிரம் விலை கேட்டிருக்கிறார். மீன்காரர் விலை சொல்வதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, "அக்கா, பாப்பா ஜப்பான் சாமி கும்பிடுதாமே" என்றிருக்கிறார். "விடுங்க, எல்லாச் சாமியும் ஒண்ணுதான்."

அம்மா மீன் வாங்காமல் வந்தார். எங்கள் வீட்டில் அது துக்க வீட்டு அறிகுறி.

"ஏண்டி, கண்ணாடிக் கடையில வேலை பாக்குற, உனக்கு லென்ஸ் போட்டுக்கத் தெரியாதா?"

"விழுந்துடுச்சும்மா."

"விழுந்தா வீட்டுக்கு வர வேண்டியதுதானே. எதுக்குப் பழத்தை வச்ச?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி 'லென்ஸ் தேடினேன், மன்னிக்கவும்' என்று குழுவில் மூன்று சொல் போட்டிருப்பாள். நான் பதினான்கு பத்தி எழுதினேன். முதல் பத்தியில் நினைவுத்தூணின் வரலாறு. நான்காவதில் மரச்சிலுவை. ஆறாவதில், 'அந்தப் படைவீரர்களும் ஒரு தாயின் பிள்ளைகள்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.' லென்ஸ் பதினோராவது பத்தியில் வந்தது. பதினோராவது பத்தி வரைக்கும் படித்த மனிதர் அந்தக் குழுவில் யாரும் இல்லை. ஆறாவதை மட்டும் வெட்டியெடுத்து நாலு குழுக்களுக்கு அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் கதவின் கம்பிக்குள் ஒரு சிவப்பு உறை செருகப்பட்டிருந்தது. புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் உறை. உள்ளே எங்கள் வீட்டுச் சாவி. இருபது வருடமாகக் கோ அங்கிளிடம் இருந்த மாற்றுச் சாவி.

அம்மா அதை மேசைமேல் வைத்தார்.

"அவருக்கு இதுல என்னம்மா?" என்றேன்.

"அவரோட அப்பாவை லாரியில ஏத்திக்கிட்டுப் போனவங்கதானே அவங்க. இவருக்கு அப்ப நாலு வயசாம். திரும்பியே வரல. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எப்படித் தெரியும்? காரிடாரில் துணி காயப்போடும்போது கோ அங்கிளின் மனைவி சொன்னாராம், நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாளில். ஜப்பானியச் சைக்கிளின் ரிம் வரைக்கும் தெரிந்து வைத்திருந்தேன். என் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவரிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ஊர் என்னைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டது. ஆனால் முழுக்கத் தப்பாகவா என்று அன்றைக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

மூன்று வாரம் லிஃப்டில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எண்கள் மாறுவதையே பார்த்தார்கள். கடைக்கு வந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும், வேறு ஆள் பரிசோதிக்க முடியுமா என்று கேட்டாள். முதலாளி என் அறைக்கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். அம்மா தேக்காவை விட்டுவிட்டு வீட்டுக்குக் கீழ்க் கடையிலேயே ஐஸில் விறைத்த மீன் வாங்க ஆரம்பித்தார். மற்றதெல்லாம் பொறுத்துக்கொண்டேன், அந்த மீனைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கோ அங்கிள் வீட்டு மணியை அழுத்தினேன். அவர் வந்தார், கம்பிக்கதவைத் திறக்கவில்லை. (அவர் பேசுவது சிங்கப்பூர் ஆங்கிலம், நடுவில் மலாய். நான் தமிழில் எழுதுகிறேன், வாக்கியக் கடைசியில் ஒட்டும் 'லா' மட்டும் அவருடையது.)

"கேர்ள், நீ கும்பிட்டியா, இல்லையா?"

"இல்ல அங்கிள். லென்ஸ் விழுந்துடுச்சு."

"என் ஆரஞ்சை எதுக்கு அவனுங்களுக்கு வச்ச?"

"வைக்கல அங்கிள். பையிலேருந்து எடுத்து வெளிய வச்சேன். நான் சாப்பிடக் கொண்டுபோனது."

"சாப்பிட்டியா?"

"இல்ல. பயந்துபோய் அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். அது ஆரஞ்சுக்காகவா, எனக்காகவா தெரியவில்லை.

"அடிக்கடி போறியாமே. மேல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல அங்கிள்."

"ஒண்ணும் இல்லாத இடத்துக்கு எதுக்கு அடிக்கடி போற?"

பதினான்கு பத்தி எழுதியவள் நான். மன்னிப்பு மட்டும் கேட்டேன். உங்க அப்பா விஷயம் எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருக்கணும் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழரைக்கு நான் லிஃப்டுக்கு வந்தபோது அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். வெள்ளை கேன்வாஸ் ஷூ, கையில் குடை.

"காட்டு லா," என்றார்.

எழுபத்தெட்டு வயது. நாற்பது வருடமாக அந்தக் குன்றின் அடியில் குடியிருக்கிறார், ஒருமுறைகூட ஏறியதில்லை. பத்துப் படிக்கு ஒருமுறை நின்றார். முதல் தடவை நின்றபோது நான், "இதைக் கட்டினது அங்கிள்..." என்று தொடங்கினேன். "மூச்சு வாங்கட்டும்," என்றார். இரண்டாவது தடவையும் தொடங்கினேன். குடையை லேசாகத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் பேசாமல் ஏறிய முதல் நூறு படிகள் அவை.

உச்சியில் கம்பி வேலி, அதற்கு உள்ளே ஒலிபரப்புக் கோபுரம், 'உள்ளே வராதே' என்று நான்கு மொழியில் பலகை. அங்கிள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். இடது பக்கம் போய்ப் பார்த்தார், வலது பக்கம் போய்ப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அங்கிள்."

"இதுக்கா நான் நாற்பது வருஷம் இந்தப் பக்கமே வரல?"

குடையை ஊன்றிக்கொண்டு அவர் கேட்டார்: "அப்பாவைக் கூட்டிக்கிட்டுப்போன லாரி எங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமா? நீ இவ்வளவு படிச்சிருக்கியே."

ஆட்களைக் கொண்டுபோய்ச் சுட்ட கடற்கரைகளின் பெயர்கள் தெரியும். எந்தத் தெருவிலிருந்து போன எந்த லாரி எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது.

"தெரியாது அங்கிள்."

"எனக்கும் தெரியாது," என்றார். "அம்மாவுக்கும் தெரியாமலேயே போய்ச் சேர்ந்துட்டாங்க. யாராவது அவனுங்களைப் பத்திப் படிச்சா எனக்குக் கோபம் வருது கேர்ள். யாருமே படிக்கலன்னாலும் கோபம் வருது. என்ன செய்யச் சொல்ற?"

பிறகு அவர் திரும்பி, "எந்த இடத்துல குனிஞ்ச?" என்றார். காட்டினேன். குனிந்து தரையைப் பார்த்தார்.

"லென்ஸ் கிடைச்சுதா?"

மூன்று வாரத்தில் என்னை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவர் குடையின் முனையால் காய்ந்த இலைகளை ஒதுக்கி ஒதுக்கித் தேட ஆரம்பித்தார். அது கிடைக்காது, கிடைத்தாலும் போட முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். படியேறி வந்த ஒரு ஜோடி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மரியாதையாகச் சற்றுத் தள்ளி நின்றது.

அடுத்த வாரம் அம்மா அந்தச் சிவப்பு உறையை அப்படியே எடுத்துப்போய் அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். குழுவில் அவர் ஒரு வரி எழுதினார், முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில்: 'லென்ஸ் தான். நான் போய்ப் பார்த்தேன்.' அதோடு விஷயம் அடங்கியது. எனக்கு வரலாறு விட்டுப்போகவில்லை. ஆனால் பரிசோதனை அறையில் இப்போது நான் பேசுவதில்லை. வயதானவர் வந்தால், 'நீங்க சின்ன வயசுல எந்த ஊர்ப் பக்கம் இருந்தீங்க?' என்று மட்டும் கேட்பேன். பிறகு அவர் சொல்வதைக் கேட்டபடி, இயந்திரத்தில் எண்களை மாற்ற மறந்து உட்கார்ந்திருப்பேன்.

இதெல்லாம் நடந்து பத்து வருடம் ஆகப்போகிறது. எனக்குக் கல்யாணமாகி ஒரு மகளும் இருக்கிறாள். ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் கோ அங்கிள் வீட்டுக்குப் போகிறோம், அவர் தன் பேரப்பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து என் கதையைச் சொல்கிறார். வருடா வருடம் கதை கொஞ்சம் வளர்கிறது. படிகள் இருநூறு ஆகிவிட்டன. நான் மழையில் தேடியதாக ஆகிவிட்டது. நாலு வருடத்துக்கு முன்னால் லென்ஸ் கண்ணாடிக் கண்ணாக மாறியது. இப்போது அவர் கதையில், ஒரு கண் பொய்யான இந்த ஆன்ட்டி குன்றின் உச்சியில் அதைக் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டே தேடுகிறாள். கடைசியில் அங்கிள்தான் கண்டெடுத்துக் கொடுக்கிறார்.

தேதியில் ஒரு நாள் பிசகினாலும் பிறரைத் திருத்துகிறவள் நான். இதைத் திருத்தவில்லை. கதை முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்து, எந்தக் கண் என்று என் முகத்தை உற்றுப் பார்க்கின்றன. என் கணவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வலது," என்று சொல்லிக் கொடுக்கிறார். போன வருடம் கடைசியாக வந்து பார்த்தது என் மகள்.